அடைக்கலம் என்னும் சொல்

பல சமயத்தார் ஒருங்கு வாழும் நாட்டிற்குச் சகிப்புத்தன்மை இன்றியமையாதது என்று மேடைதோறும் பேசக் கேட்கின்றோம். பேசுவோர் கருத்து நல்லதே. ஆயினும், தமிழ் பயில்வோன் ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் வேரைச் சிறிது தோண்டிப் பார்க்கும் வழக்கமுடையவன். அவ்வழக்கம் பற்றி யானும் இச்சொல்லை எடுத்துப் பார்த்தேன். சகித்தல் என்பது வடசொல். தாங்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். அதற்கு நேரான தமிழ்ச்சொல் பொறுத்தல். அதற்கும் சுமத்தல் என்பதே முதற்பொருள். வெயிலைச் சகிக்கின்றோம், பல்வலியைச் சகிக்கின்றோம். விடுதியில் அடுத்த கட்டிலிற் படுத்திருக்கும் நண்பனையும் அவ்வாறே சகிக்கின்றோம் என்று அவன் செவிப்படச் சொன்னால் அவன் மகிழ்வானோ?

திருவள்ளுவனார் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அது 16 ஆவது அதிகாரம். அதனைப் படிப்போர் ஒன்றைக் காணலாம். ஆண்டுக் கூறப்படுவது, நமக்குத் தீங்கு செய்தாரைப் பொறுத்தல். பிழை ஒன்று நேர்ந்தவிடத்தன்றோ பொறைக்கு வேலை உண்டு? எனவே, அயலான் சமயத்தை யான் பொறுக்கின்றேன் என்னும்போது, அவன் வேறு சமயத்தனாய் இருப்பதே எனக்கு இழைத்த பிழை என்று சொல்லாமற் சொல்லிவிடுகின்றேன். இது கருதியே இச்சொல் எனக்கு நிறைவு தரவில்லை. இதனினும் ஏற்ற சொல் நம் நூல்களில் உண்டோ என்று தேடியபோது, இவ்வாண்டு ஆனர்ஸ் வகுப்பிற் பாடமாயிருந்த சிலப்பதிகாரமே அதனைத் தந்தது. அச்சொல் அடைக்கலம் என்பது.

இக்காலத்தில் அடைக்கலம் என்றால் புகலிடம் என்றே பெரும்பாலும் பொருள் கொள்கின்றோம். கிறிஸ்தவராகிய நமக்கு அது மிகவும் பழகிய சொல். சங்கீதப் புத்தகத்தில் கர்த்தரே அடைக்கலம் என்று பல இடங்களிற் படிக்கின்றோம். அங்கே அடைக்கலம் என்பது ஓடிச் சென்று ஒளியும் இடம். சிலப்பதிகாரத்தில் வரும் அடைக்கலமோ இடமன்று. ஒருவர் கையில் மற்றொருவர் காக்கும்படி ஒப்புவிக்கும் பொருள். ஆங்கு ஒப்புவிக்கப்பட்ட பொருள் கண்ணகி.

அடைக்கலக் காதையின் செய்தி பலரும் அறிந்ததேயாயினும், சமயங்களின் உறவை நோக்கி அதனை ஒருமுறை திரும்பப் பார்ப்போம். புகார் நகரினின்றும் மதுரைக்குக் கோவலனையும் கண்ணகியையும் உடன் அழைத்து வந்தவர் கவுந்தியடிகள். அவர் அருகதேவனை வழிபடும் சமண நோன்பினர். மதுரையின் புறஞ்சேரியில் அவரைக் கண்டு வணங்குபவள் மாதரி என்னும் இடைக்குல முதுமகள். அவள் அப்போதுதான் ஓர் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பி வருகின்றாள். அவள் வாழும் ஆயர்பாடியோ கண்ணனைப் பாடிக் குரவையாடும் பாடி. கவுந்தியடிகள் தம் சமயத்தார் இல்லம் ஒன்றைத் தேடியிருக்கலாம். மாநகராகிய மதுரையில் அத்தகையோர் இல்லாமற் போயிரார். ஆனால் அவர் மாதரியின் முகத்தைப் பார்த்தார். ஆயர் வாழ்க்கையிற் கொடுமை இல்லை என்பதை எண்ணினார். கண்ணகியை அவள் கையில் ஒப்புவித்தார். தோழியும் காவலும் தாயும் நீயே ஆகுக என்று சொல்லி ஒப்புவித்தார். மாதரி அதனைச் சுமையென்று கருதவில்லை; பெறுதற்கரிய பேறு பெற்றவள்போல மகிழ்ந்தாள் என்றே இளங்கோவடிகள் கூறுகின்றார். சகித்தாள் என்று கூறவில்லை.

அடுத்து வரும் கொலைக்களக் காதையில் ஒரு சிறு செய்தி உண்டு. நூலை விரைந்து படிப்போர் அதனைக் கடந்து போய்விடுவர். மாதரி தன் இல்லத்தாரிடம், வந்திருப்பவர் சாவக நோன்பினர் என்றும், அவர்கள் பகற்பொழுதிலேயே உண்பவராதலின் சமைத்தற்கு வேண்டிய நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றாள். அவ்வாறே பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, அரிசி, பால், நெய் முதலியன வருகின்றன. இவ்விடத்தை வகுப்பிற் படித்தபோது யான் வியப்புற்றேன். அயற்சமயத்தார் எப்பொழுது உண்பர், எதனை உண்பர், எதனை விலக்குவர் என்பது ஓர் இடைக்குல முதியவளுக்குத் தெரிந்திருந்தது! அவளுக்கு அதனை எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. மோர் விற்கச் சென்ற தெருக்களிலே கண் திறந்து நடந்திருக்கின்றாள், அவ்வளவே.

இதனோடு மற்றொன்றும் நோக்கத்தக்கது. கண்ணகி சமைத்த உணவைக் கோவலன் உண்ணும்போது, மாதரியும் அவள் மகள் ஐயையும் அவனைப் பார்த்து, ஆயர்பாடியில் அசோதை பெற்ற கண்ணன்தானோ இங்கு அமர்ந்து உண்கின்றான் என்று வியக்கின்றனர். சமண நோன்பியின் இலையிற் சமண நோன்பிக்கு ஏற்ற உணவு. பார்ப்பவர் நெஞ்சிலோ தம் தெய்வம். மாதரி தன் கண்ணனை மறந்து விருந்தோம்பவில்லை. விருந்தினர் தம் நோன்பை விட்டு உண்ணவுமில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லி வேற்றுமைகளைத் துடைத்துவிட்டால்தான் ஒற்றுமை உண்டாகும் என்று கருதுவோர் இக்காட்சியைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

அடைக்கலத்தின் கடுமையும் இந்நூலிலேயே காட்டப்படுகின்றது. கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது. அடைக்கலப்பொருளை இழந்தேனே என்று மாதரி தீயில் வீழ்ந்து உயிர் விட்டாள் என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் என்னும் மறையோன் சொல்ல அறிகின்றோம். கவுந்தியடிகள் உண்ணா நோன்பு மேற்கொண்டு உயிர் நீத்தார். மாதரியின் செயலை யான் போற்றுகின்றேன் அல்லேன். ஆனால் ஏற்றுக்கொண்ட பொருளுக்கு அவள் எவ்வளவு பொறுப்பு உணர்ந்தாள் என்பது தெளிவு. சகிப்பவனுக்கு இத்தகைய பொறுப்பு இல்லை. தான் சகித்த அயலானுக்குத் தீங்கு வந்தபோது அவன் தன் கதவை மெல்லச் சார்த்திக்கொண்டால் அவனை யாரும் குறை கூறார்.

இனி, இச்சொல் வழங்கும் மற்றோர் இடத்திற்குச் செல்வோம். திருவாசகத்தில் அடைக்கலப்பத்து என்பது ஒரு பகுதி. அதன் தலைப்பைக் கண்டவுடன், இறைவனைப் புகலிடம் என்று பாடிய பதிகம் போலும் என்று யான் சங்கீதப் பழக்கத்தால் எதிர்பார்த்தேன். பாடல்களின் முடிவோ வேறாக இருந்தது. அடிகள் தம்மையே இறைவனுடைய அடைக்கலம் என்று சொல்லிக்கொள்கின்றார். அஃதாவது, யான் உன்பால் ஒப்புவிக்கப்பட்ட பொருள். என்னைக் காத்தல் உன் கடன் என்பது கருத்து. சங்கீதக்காரன் இறைவனை அடைக்கலம் என்கின்றான். மணிவாசகர் தம்மை அடைக்கலம் என்கின்றார். சொல் ஒன்று, அது நிற்கும் இடம் இரண்டு. இரண்டும் ஒன்றே என்று விரைந்து சொல்லியிருப்பின் இவ்வேற்றுமையின் அழகு எனக்குப் புலனாகியிராது. இதனை அறிந்தபின் சங்கீதத்தையும் சிறிது கூர்ந்து படிக்கலானேன். ஆவியை ஒப்புவித்தல் என்னும் வழக்கு நம் வேதத்திலும் உண்டன்றோ? ஆண்டு மனிதன் அடைக்கலப்பொருளாகவே நிற்கின்றான். அயலார் நூல் என் வீட்டு விளக்கைச் சிறிது தூண்டி வைத்தது.

இப்பதிகத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 ஆம் ஆண்டு திருவாவடுதுறையில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கடைசி நேரத்தில் அவர் உடலைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் மாணவர், அவர் கிறிஸ்தவர். அருகிலிருந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தவர் மற்றொரு மாணவர். பிற்காலத்தில் மகாமகோபாத்தியாயராகிய உ. வே. சாமிநாதையரே அவர். அப்போது ஐயரவர்களுக்கு வயது 21 நிரம்பவில்லை. உயிர் நீப்பவர் சைவ வேளாளர், படிப்பவர் அந்தணர், தாங்குபவர் கிறிஸ்தவர், இடம் சைவ மடத்தின் ஊர். இம்மூவருள் ஒருவரேனும் தாம் சமரசம் என்னும் கொள்கையை நிலைநாட்டுவதாக எண்ணியிரார். ஆசிரியர் துன்புறுகின்றார், ஒருவர் தாங்க வேண்டும், ஒருவர் படிக்க வேண்டும். சவேரிநாத பிள்ளை அப்பதிகத்தைக் கேட்டுக்கொண்டே என்ன நினைத்தாரோ, யாரறிவார்? ஏறக்குறைய அவ்வயதினனாகிய எனக்கு அவ்விடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்னும் ஆசை அடிக்கடி உண்டாகின்றது.

பிள்ளையவர்களிடத்தில் இது புதுமையன்று. நாகூர்க் குலாம் காதிறு நாவலர் அவரிடம் பாடங் கேட்ட இஸ்லாமியர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறிஸ்தவர். 1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து மகாவித்துவான் குளத்துக் கோவை பாடினார். வேதநாயகம் பிள்ளையோ திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர்மேற் செய்யுட்கள் இயற்றினார். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் பாடினார். அதனால் அவர் கிறிஸ்தவர் ஆகாமற் போகவில்லை.

சாமிநாதையர் செய்த பெருந்தொண்டின் தொடக்கமும் இத்தகையதே. 1880 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணம் கல்லூரியிற் புதிதாகத் தமிழாசிரியராய் அமர்ந்திருந்த அவர், அவ்வூர் முன்சீபாகிய சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் முதலியவற்றை அவர் அடுக்கிச் சொல்ல, முதலியார் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டோ என்று வினவினார். பின்பு சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் பாடம் சொல்லும்படி கேட்டார். நூல் சமண நூல். சைவ மடத்தில் தேர்ந்த கல்விக்கு அதன் சமயச் சொற்கள் வசப்படவில்லை. ஐயர் என் செய்தார்? கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணரைத் தேடிச் சென்றார். அவர்கள் அந்நூலைத் தெய்வ நூலாகப் போற்றிப் படித்து முடித்துப் பூசை செய்வதைக் கண்டார். பிள்ளைகள்போல் அமர்ந்து அவர்களிடம் ஐயம் கேட்டார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட சமண மாது ஒருவர், இவர் பவ்ய ஜீவரோ, அஃதாவது வீடுபெறுதற்குரிய பக்குவ உயிரோ, என்று வினவினாராம். இதனினும் சிறந்த பட்டம் ஐயரவர்களுக்குப் பின்பும் கிடைக்கவில்லை என்பேன். நூல் 1887 இல் வெளிவந்தது. அதற்கு ஏடு உதவியவற்றுள் திருவாவடுதுறைச் சைவ மடமும் ஒன்று.

சேக்கிழார் வரலாறு கூறும் நூலோ, சோழவேந்தன் சிந்தாமணியிற் சுவை கொண்டிருந்ததைக் கண்டு, அதனின் அவன் மனத்தை மீட்கவே பெரிய புராணம் எழுந்தது என்கின்றது. அவ்வாறு ஒருகால் விலக்கப்பட்ட நூலின் ஏடுகள் மடத்துப் பெட்டிகளில் அழியாது கிடந்தன. சில போட்டிகளால் நன்மையும் உண்டு; அப்போட்டியாற் பெரிய புராணம் கிடைத்தது. எல்லாப் போட்டியும் அத்தகையனவல்ல. வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில செய்யுட்களாகவே எஞ்சியுள்ளன. அவற்றின் ஏடுகளை அடைக்கலமாக ஏற்பார் இலராயினர்.

சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மதுரையிற் பிறந்த சைவ அந்தணராகிய அவர் முதலில் ஓர் உரை எழுதிச் சமணரிடம் காட்டினாராம். அவர்கள் அதனை ஒப்பவில்லையாம். பின்பு அவர் சமண நூல்களை நன்கு பயின்று இரண்டாம் முறை எழுதினாராம். நிகழ்ந்ததோ இல்லையோ, இச்செய்தியை வழிவழியாகச் சொல்லி வந்தவர்களுக்கு ஓர் அளவுகோல் இருந்தது என்பது திண்ணம். அயலார் நூலுக்குச் சொல்லும் பொருள் நமக்கு இனிதாயிருந்தாற் போதாது. அந்நூலுக்கு உரியவர் கேட்டு, எம் கருத்து இதுவே என்று தலையசைக்க வேண்டும். நம் கல்லூரிச் சொற்போர்களில், எதிர்க்கட்சியார் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது இவ்வளவுகோலைப் பயன்படுத்தினால், பாதி மாலைப்பொழுது மிச்சமாகும்.

அடைக்கலம் என்பது கருத்து வேறுபாட்டைத் தடுப்பதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வரலாறு இதற்குச் சான்று. 1822 இற் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணை புரிந்தார். அவரோ தளராத சைவர். 1848 இல் அப்பணியை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. 1854 இல் நாவலர் சைவதூஷண பரிகாரம் என்னும் கண்டன நூலை வெளியிட்டார். நம் சமயத்தாரை அவர் எதிர்த்த எதிர்ப்பு மென்மையானதன்று. அதனைப் படிக்கும்போது எனக்கும் சில இடங்களில் நெஞ்சு சுடுகின்றது. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. வேதாகமம் அவர் கையில் இருந்த ஆண்டுகளில், அதனைச் சிதைப்பது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். நல்ல தமிழில் அமையும்படி உழைத்ததே அவர் செய்தது. எதிர்க்க வேண்டியதை வெளியே நின்று, தம் பெயரிட்டு எதிர்த்தார். பேர்சிவலும் அவர் சைவர் என்பதை அறிந்தே அப்பணியை ஒப்புவித்தார். இவ்விருவரிடையே நிலவிய நம்பிக்கையை யான் பெரிதும் மதிக்கின்றேன்.

வீரமாமுனிவரைப் பற்றி நாம் பெருமை பேசுவோம். 3,615 பாடல்களையுடைய தேம்பாவணியை இயற்றி, சூசையப்பருக்கு வளன் என்று தூய தமிழ்ப்பெயர் சூட்டி, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். அத்தகையவரே தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையார்மேல் எழுதிய கண்டனங்களிற் கடுஞ்சொல் மிகுதி. தொலைவிலுள்ள வள்ளுவருக்கு அகன்ற கதவு, பக்கத்து வீட்டுச் சகோதரனுக்கு அடைபட்டது. இஃது அவருக்கு மட்டும் உரிய குறையன்று. மனிதர் எல்லோருக்கும் அயல்நாட்டான் இனியன். அண்டை வீட்டான் அரியன்.

இவ்விடத்தில் நம் சொந்த வீட்டையும் திறந்து பார்க்க வேண்டும். பிறர் நம்மை ஏற்கவில்லை என்று வருந்தும் கிறிஸ்தவ இளைஞர் சிலர் உளர். அவர்கள் வடக்கன்குளத்து ஆலய வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. திருநெல்வேலிச் சீமையிலுள்ள அக்கத்தோலிக்க ஆலயம் 1872 இல் எழுப்பப்பட்டபோது, இரு பிரிவுச் சாதியார் ஒருவரையொருவர் பாராமல் அமரும் வண்ணம் இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, பிரிவினையோ சுவராய் நின்றது. 1910 இற்றான் அத்தடுப்பு நீக்கப்பட்டது. அதன்மேலும் வழக்குமன்றம் வரை பிணக்குச் சென்றது. சீர்திருத்தச் சபைகள் தம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டியதில்லை. 1833 இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சை முதலிய இடங்களிற் பலர் சபையை விட்டே விலகினர். ஒரே அப்பத்தைப் பிட்டு உண்பவர்கள் ஒரே பாயில் அமர மறுத்தனர். மாதரியின் ஆயர்பாடியில் இருந்தது அவர்கள் ஆலயத்தில் இல்லை. இன்றும் கல்லறைத் தோட்டங்களில் அச்சுவர்கள் முற்றும் இடிந்துவிட்டன என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

ஆகவே, நான் யாருடைய வீட்டினன் என்னும் கேள்வி எனக்கு எழுந்ததில் வியப்பில்லை. தமிழ் ஆனர்ஸ் எடுத்தேன் என்று கேட்டவுடன் எங்கள் ஊர்ச் சபை மூப்பர் ஒருவர் முகம் வாடினார். ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு ஞாயிறு பாடம் சொல்லித் தந்தவர். "தம்பி, மூன்று வருஷமும் பிற தெய்வங்களின் பாட்டையா மனப்பாடம் செய்யப் போகிறாய்? உன் ஆத்துமாவுக்கு என்ன ஆதாயம்?" என்றார். அவர் கோபத்தாற் கேட்கவில்லை, அச்சத்தாற் கேட்டார். அச்சத்தோடு கேட்பவர்க்கு மேற்கோள்களை வீசி விடை சொல்லுதல் தகாது. மறுபுறத்தில், இலக்கியக் கூட்டம் ஒன்றிற்குச் சென்றபோது, அங்கிருந்த ஒருவர் என் பெயரைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குத் திருவாசகத்தின் உருக்கம் எங்கே விளங்கப் போகிறது?" என்றார். ஒரு வாயிலில், வெளியே போகாதே என்றனர். மற்றொரு வாயிலில், உள்ளே வாராதே என்றனர். இரண்டு வாயிற்படிகளுக்கு இடையிலுள்ள திண்ணையில் எத்தனை நாள் அமர்ந்திருப்பது?

எங்கள் பேராசிரியர் ஒருவர் நாள்தோறும் திருநீறு அணிந்து வகுப்பிற்கு வருபவர். தேம்பாவணி நடத்துகையில், ஒரு சொல் வந்தவிடத்து நிறுத்தி, "இதனை உங்கள் ஆலயத்தில் எப்பொருளில் வழங்குவீர்கள்? பிழைபடச் சொல்லிவிடலாகாது" என்று என்னைக் கேட்டார். அந்நூலை அவர் எனக்கு முன்பே இருபது முறை படித்திருப்பார். என்னைக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நச்சினார்க்கினியர் சமணரிடம் தம் உரையைக் கொண்டு சென்ற செய்தி எனக்கு அப்போதுதான் முழுதும் விளங்கிற்று. அன்று மாலையே மணிவாசகத்தில் ஓர் ஐயத்தைக் கேட்க அவர் இல்லத்திற்குச் சென்றேன். நிற்க வைத்துப் பேசவில்லை.

நம் சமயத்திலும் இவ்வழி நடந்தோர் உளர். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858 இல் ஞானஸ்நானம் பெற்றபோது, தாம் வைணவராயிருந்து கற்ற கம்பனை வாயிலில் விட்டுவிட்டு உள்ளே வரவில்லை, கையோடு கொண்டுவந்தார். 1894 இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் அதன் பயன். அவரைச் சபை ஏற்றது. கம்பனையும் சேர்த்து ஏற்றதா என்பது பாடத்திட்டம் வகுப்போர் சிந்திக்க வேண்டிய பொருள்.

விடுதி வாழ்வுக்கு வருவோம். மாதரியின் அறிவு நமக்கு எவ்வளவு உண்டு? நோன்பு மாதத்தில் வைகறைக்கு முன் எழுந்து உண்ண வேண்டிய இஸ்லாமிய நண்பருக்குச் சமையற்கூடம் எப்பொழுது திறக்க வேண்டும் என்பதும், கார்த்திகையில் மாலையணிந்த நண்பர் எந்தப் பாத்திரத்தைத் தீண்டார் என்பதும், தபசு நாட்களின் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க நண்பர் ஏன் இறைச்சியை விலக்குகின்றார் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? சமரசத்தைப் பற்றி நாம் பல கட்டுரைகள் எழுதியுள்ளோம். இதுவும் அவற்றுள் ஒன்று. சமையற்காரர் ஒருவரே எவரையும் கேளாமல் இவற்றையெல்லாம் அறிந்திருக்கின்றார். அவர் சிலப்பதிகாரம் படித்தவர் அல்லர்.

மூப்பருக்கு யான் நேரே விடை சொல்லவில்லை. சென்ற விடுமுறையில் அவர் வீட்டிற்குச் சென்றபோது, போப் ஐயர் தம் 80 ஆம் வயதில், 1900 ஆம் ஆண்டில், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட செய்தியை மட்டும் சொன்னேன். சாயர்புரத்திற் பள்ளி நிறுவிய போப் ஐயர் பெயருக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் மதிப்பு உண்டு. மூப்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். "அவரா?" என்றார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அடைக்கலம் என்னும் சொல்லின் இரு வழக்குகளையும் எடுத்துச் சொன்னேன். சங்கீதப் பகுதிக்கு மட்டும் தலையசைத்தார்; மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விடைபெற்று எழுந்தபோது, "கிறிஸ்மஸுக்கு வரும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா, தம்பி. திண்ணையில் வைத்துப் படிப்போம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்," என்றார். நூலகத்திற் பிரதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றேன்.